முன்னறை

“முன்னறைய என்ட பேருக்கு எழுதித் தாங்கம்மா.”

கேதீஸ்வரி இதைக் கேட்டபோது காலை ஆறரை மணி. புஸ்பம் குசினி வாசலில் குந்தியிருந்து இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தோணி கரை சேர்ந்ததும் துறையில் வாங்கிய இறால். எட்டு மணிக்கு முன் பாதையடிக்குக் கொண்டுபோக வேண்டும். வாவியைக் கடக்கிற இரும்பு மிதவைக்கு இந்தப் பக்கத்தில் பாதை என்று பேர். அதில் ஏறி அக்கரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் துப்புரவாக்கிய இறாலைத்தான் வாங்குவார்கள். தலை, கோது, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பு என்று அவளுடைய விரல்கள் தம்பாட்டில் போய்க்கொண்டிருந்தன. மகளின் பேச்சில் அவை நின்றன.

“என்ன சொன்னாய்?”

“கேட்டிச்சுதானே.”

“இன்னொருக்காச் சொல்லு. எந்த வாயால சொல்லுறாய் எண்டு பாப்பம்.”

“முன்னறை எனக்கு. மிச்ச வீடு முழுக்க தங்கச்சி கஜானிக்கு. அப்பிடி எழுதுங்க.”

புஸ்பம் பக்கத்து வளவை எட்டிப் பார்த்தாள். முருங்கைக்குக் கீழே யாருமில்லை. அப்படியும் குரலை இறக்கினாள்.

“பெரியபுள்ளையான கிழமையே சொன்னனா இல்லையா? வீட்ட வாயால கேக்கக் கூடாது எண்டு சொன்னனா இல்லையா?”

சொல்லித்தானிருந்தாள். வாவியின் இந்தக் கரையில், படுவான்கரையில், வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை உடுத்த துணியோடு பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். வெளியூரார் இதைக் கேட்டால் உங்கட பொம்புளையளுக்கு என்ன குறை என்பார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் இதைப் பற்றி ஒரு மணி நேரம் புகழ்ந்து பேசியதைக் கேதீஸ்வரி முன்வாங்கில் இருந்து எழுதியெடுத்திருக்கிறாள். அந்தக் கொப்பியில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. வீடு கிடைப்பது கல்யாணம் முடிக்கிற பெண்ணுக்கு. முடிக்காதவளுக்கு வீடு என்று ஒரு கதையே கிடையாது. வீட்டைக் கொடுத்த தாயும் தகப்பனும் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் கொட்டிலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒருத்தி வீட்டை வாயால் கேட்டால், பெற்றவர்களை வெளியே போகச் சொல்கிறாள் என்றுதான் அர்த்தம். 

“நான் உங்களப் போகச் சொல்லல்ல. கஜானிதான் முடிக்கப் போறா. அவக்காகத்தான் நீங்க பின்னுக்குப் போறீங்க. எனக்கு ஒரு அறை மட்டும் காணும்.”

“ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு உறுதிப் பத்திரமா? ஊர் சிரிக்கும் புள்ள.”

“ஊர் சிரிக்கட்டும். ஒண்ணாந் திகதிக்குப் பிறகு எனக்கு வேலை இல்லாமப் போகும். அதுக்கும் சேத்துச் சிரிக்கட்டும்.”

புஸ்பம் மறுபடி இறாலில் கை வைத்தாள். “வேலை போகாது. நீ வீட்டிலதானே இரிக்காய். வீட்டில இரிக்கிறவளுக்கு எப்பிடி வேலை போகும்?”

இந்த வீட்டில் இருபது மாதமாக ஓடுகிற சண்டை இதுதான். கேதீஸ்வரி கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாகன விபத்துக் கோரிக்கைகளைப் பார்க்கிற பிரிவில் இருந்தாள். அவளுடைய குடும்பத்தில் சம்பளச் சீட்டு என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள். கொரோனா வந்து ஊரடங்கு போட்ட மாதம் மடிக்கணினியைக் கொடுத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு பேர் படுக்கிற போர்டிங் அறையிலிருந்து அவள் இங்கே வந்து சேர்ந்தாள். வாவியைப் பார்த்த முன்னறை யன்னலடியில் மட்டும்தான் அக்கரையான எழுவான்கரைக் கோபுரத்தின் சிக்னல் பிடித்தது. அங்கே ஒரு மேசை போட்டாள். எட்டரைக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்கு எழும்புவாள். எந்த லொறி எந்தச் சந்தியில் எந்த முச்சக்கரவண்டியை இடித்தது, யார் பிழை, யார் பொய். நாள் முழுக்க இதுதான்.

அக்கம்பக்கத்துக்கு அவள் சும்மா இருந்தாள். சும்மாதானே இருக்கிறாள் என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதக் கொண்டு வந்தார்கள். சும்மாதானே இருக்கிறாள் என்று பிள்ளையைக் கொண்டு வந்து விட்டுவிட்டுத் தடுப்பூசிக்குப் போனார்கள். கூட்டம் நடக்கும்போது புஸ்பம் யன்னலுக்கு வெளியே வந்து நின்று, “நெல்லுக்குக் கோழி வருது, ஒரு எத்து எத்திவிடு” என்பாள். ஒருநாள் கொழும்பில் பதினொரு பேர் அந்தக் கோழிக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சம்பளம் மட்டும் சும்மா இல்லை. ஆவணியில் தகப்பன் கதிர்காமத்தம்பிக்குக் கொரோனா வந்து, பத்தொன்பது நாள் ஒட்சிசன் பிடித்து, அரை நெஞ்சோடு திரும்பி வந்தபின் வீடு அவளில்தான் ஓடியது. முப்பத்தைந்து வருடம் வாவியில் வலை வீசிய மனிதர் இப்போது கிணற்றடிக்குப் போய் வந்தாலே ஒரு பாட்டம் இருந்து மூச்செடுத்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளினிக். பாதையில் ஏற்றி, அக்கரையில் ஓட்டோ பிடித்து, வரிசையில் இருத்தி, டொக்டர் சொல்வதைக் கேட்டு, குளிசையைப் பிரித்துக் கொடுப்பது வரை அவள்தான். அதற்கு அரைநாள் லீவு எடுப்பாள், மிச்ச வேலையை ஞாயிற்றுக்கிழமை முடிப்பாள்.

ஐப்பசி கடைசியில் மாகாணம் விட்டு மாகாணம் போகிற தடையை எடுத்தார்கள். பஸ் ஓடியது. கம்பனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மார்கழி முதலாம் திகதி எல்லோரும் அலுவலகம் வர வேண்டும். அதற்குப் பிறகு குழு அழைப்புகளில் வேறு பேச்சே இல்லை. பஸ்ஸில் நாளுக்கு நாலு மணித்தியாலம் சாகமாட்டேன் என்றான் ஒருவன். வீடு எனக்கு மறியற்கூடம், நாளைக்கே வருகிறேன் என்றாள் ஒருத்தி. பெரியவர் ஒருவர், வீட்டில் இருந்தால் யார் வேலை செய்கிறார்கள் யார் படுக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்றார். கேதீஸ்வரி அவருக்குத் தன்னுடைய கோப்புகளின் எண்ணிக்கையை வாசித்துக் காட்டினாள்.

கடைசியில் கம்பனி ஒரு விலக்குக் கொடுத்தது. கதவுள்ள தனி அறை, தடையில்லாத இணைப்பு, நிரந்தர இடம், இந்த மூன்றும் இருந்தால் வீட்டிலிருந்தே தொடரலாம். படிவத்தில் ஒரு கேள்வி: வீடு யாருடையது? சொந்தம், வாடகை, பிறர். கேதீஸ்வரி யோசிக்காமல் சொந்தம் என்று கோடு போட்டாள். மூத்த பெண்பிள்ளை. பிறந்ததிலிருந்து இது உன் வீடு, உன் வீடு என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறாள். இந்தக் கரையில் எந்த மூத்தவளும் அப்படித்தான் கோடு போட்டிருப்பாள். 

படிவத்தை அனுப்பி நாலாம் நாள் கஜானிக்குக் கல்யாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை உதயரூபன், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையற்காரன். ஹோட்டல் பூட்டிக் கிடந்ததால் ஒன்றரை வருடம் தகப்பன் வீட்டில் இருந்தான். இப்போது வெள்ளைக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள், அவனைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். இனி ஆட்களைக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்யலாம் என்றும் விட்டுவிட்டார்கள். எல்லாம் அவசரமாகிவிட்டது. திங்கட்கிழமை உறுதி எழுத நொத்தாரிசு வருவார். வீடு முழுவதும் கஜானி பேருக்கு. தாய், தகப்பன், கேதீஸ்வரி மூவரும் பின்கொட்டிலுக்கு.

“கொட்டிலுக்கு வயர் இழுத்துத் தாறன் எண்டு மாப்பிளையிட மாமா சொல்லிற்றார்” என்றாள் புஸ்பம். “பேனும் போடலாமாம்.”

“கொட்டிலுக்குள்ள சிக்னல் இல்லம்மா. போனக் கொண்டுபோய்ப் பாத்தன். ஒரு கோடும் இல்ல. அது தென்னங்கிடுகுக் கொட்டில், கதவும் இல்ல.”

“அப்ப முன்னறைக்கு வந்து இருந்து செய்யன். கஜானி துரத்தவா போறா?”

“புது மாப்பிள படுக்கிற அறைக்க எட்டரைக்குப் போய்க் கதவத் தட்டவா?”

உள்ளே பிட்டு அவித்துக்கொண்டிருந்த கஜானி வெளியே வந்தாள். இருபத்துநாலு வயது, சண்டை பிடிக்கத் தெரியாத பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

“ஏனக்கா இப்பிடிக் கதைக்கிறீங்க? என்ட வீட்டில நீங்க எவ்வளவு நாளைக்கெண்டாலும் இரிங்க. ஆர் உங்கள வேணாம் எண்டது?”

அவள் அன்போடுதான் சொன்னாள். என்ட வீட்டில என்ற சொல் அவள் வாயிலிருந்து எவ்வளவு இலேசாக வந்தது என்று அவளுக்கே தெரியாது.

“பிட்டு கரியுது, போ” என்றாள் கேதீஸ்வரி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நிஸ்றா வீடியோவில் அறையைப் பார்க்க வேண்டியிருந்தது. நிஸ்றா அவளுடைய பிரிவுத் தலைவி, ஏறாவூர்க்காரி, கொழும்பில் பன்னிரண்டு வருடம். அறையைக் காட்டி, கதவைக் காட்டி, இணைப்பின் வேகத்தைக் காட்டினால் நிஸ்றா சரி போடுவாள். உறுதி பற்றி வீட்டில் ஒன்றும் முடியவில்லை. அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, தாயை எப்படியும் சம்மதிக்கச் செய்யலாம் என்று கேதீஸ்வரி நம்பினாள். விடியவே அறையைக் கூட்டி, மூலையில் கிடந்த நெல் மூட்டைகளைத் துணியால் மூடி, மேசையைச் சுவரோடு நகர்த்தி வைத்தாள். வெளியே மழை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆ, கேதீஸ், நல்ல வெளிச்சமா இரிக்கே. அது வாவியா புள்ள? சுபஹானல்லாஹ். எனக்கு இஞ்ச யன்னலத் துறந்தா அடுத்த வீட்டு ஏசிதான் தெரியும். சரி, கதவக் காட்டு.”

கேதீஸ்வரி மடிக்கணினியைத் தூக்கிக் கதவுப் பக்கம் திருப்பினாள். கதவு அந்த நேரம் பார்த்துத் திறந்தது. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டபடி ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்தார். கையில் அளக்கிற டேப். தங்கராசா, மாப்பிள்ளையின் தாய்மாமன், தொழிலில் மேசன். நாளைக்கு வருவதாகச் சொன்னவர், மழையில் வேலை இல்லாததால் இன்றைக்கே வந்துவிட்டார்.

“இதுதானே முன்னறை? இந்தாங்க மச்சாள், இந்த நுனியப் புடிங்க” என்று புஸ்பத்திடம் டேப்பின் நுனியைக் கொடுத்தார். மடிக்கணினியையும் அதைத் தூக்கி வைத்திருந்தவளையும் அவர் ஒரு அலுமாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பத்தடி… பத்தடி நாலு. பூச்சு பரவாயில்ல. யன்னல் நிலை கறையான். மாத்தணும். இந்த மேசையெல்லாம் எடுப்பீங்கதானே? கட்டில் வரணுமே.”

“மாமா, நான் வேலையில இரிக்கன்.”

“செய் மகள், செய். நாங்க சத்தம் போடல்ல. மச்சாள், இந்த அறையும் கஜானிக்குத்தானே எழுதுறது? பிறகு மூத்தபுள்ள ஏதும் கேட்டு வந்தா எங்கட பொடியனால வழக்கெண்டு கோடு கச்சேரி ஏற ஒண்ணா.”

கேதீஸ்வரி தாயைப் பார்த்தாள். புஸ்பம் டேப் நுனியைச் சுவரோடு அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளைப் பார்க்கவில்லை.

“ஓம், எல்லாம் கஜானிக்குத்தான். மூத்தவளுக்கு இந்த வீட்டில ஒண்டும் இல்ல. அவட கையெழுத்தும் வெச்சுத் தருவா.”

மழைச் சத்தத்துக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொன்னாள்.

அது ஹெட்செட் வழியே நிஸ்றாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தங்கராசா யன்னல் நிலையை நகத்தால் கிள்ளிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்த அறைக்குப் போனார்.

“கேதீஸ்.”

“இரிக்கன், மெடம்.”

“படிவத்தில சொந்தம் எண்டு போட்டிரிக்காய்.”

“ஓம்.”

“நான் இத ஒருக்காக் காணாத மாதிரிப் போட்டுவிடலாம். ஆனா மூணு மாசத்துக்கொருக்கா செக் பண்ணச் சொல்லியிரிக்காங்க. அப்ப எந்த அறையக் காட்டுவாய்? மரத்துக்குக் கீழ இருந்தா?” பிறகு குரல் தணிந்தது. “எங்கட ஊரிலயும் இதே கதைதான் புள்ள. எனக்கு மாடி வீடு தந்தாங்க. சாவி மாப்பிளையிட உம்மாட கையில. உனக்கு ஒண்ணாந் திகதி சீட் இரிக்கி. அத மட்டும்தான் என்னால சொல்ல ஏலும். வாறியா இல்லையா எண்டு செவ்வாய்க்கு முன்னம் சொல்லு.”

அழைப்பு முடிந்தது. கேதீஸ்வரி மடிக்கணினியை மூடவில்லை. மதியம் வரை இரண்டு கோப்புகளைப் பார்த்து முடித்தாள். இரண்டிலும் சாரதி பொய் சொல்லியிருந்தான்.

பின்னேரம் மழை விட்டிருந்தது. கதிர்காமத்தம்பி பின்வளவில் ஒரு பழைய வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்து, அதன் அறுந்த கண்களை முடிந்து பொத்திக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த வலை. இழுக்கிற ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு மூச்சு எடுத்தார். கேதீஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே குந்தினாள்.

“அப்பா, அம்மாக்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“என்னத்த?”

“முன்னறைய.”

“அது கொம்மாட வீடு. நான் இந்த வீட்டுக்கு வந்தவன் மகள். முப்பது வருசம் இஞ்ச படுத்திருக்கன், ஒரு ஆணி அறையச் சொல்ல எனக்கு உரித்தில்ல. உதயரூபன் வாறான், அவனுக்கும் இதான்.”

“அவனுக்காகக் கதைக்க ஒரு மாமா டேப்போட வாறார். எனக்காக ஆர் வாற?”

கதிர்காமத்தம்பி முடிச்சைப் பல்லால் கடித்தார். 

“முன்னறை இல்லாட்டி நான் கொழும்புக்குப் போகணும்.”

“வேலைய விடு. இறால் உடைச்சுச் சாப்பிடலாம்.”

“அந்த இறாலால உங்கட குளிசை வாங்க ஏலாது. அந்தத் துறையில எனக்கென்ன வேலை? கோது உரிக்கவா என்னப் படிக்க வெச்சீங்க?”

“போகாத மகள்.” அவர் இதுவரை அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. “நீ போனா நான் கிளினிக்குக்குப் போகமாட்டன். சொல்லிப்போட்டன். என்ன ஆரும் தூக்கிக்கொண்டு திரிய வேணாம்.”

“இது ஞாயமா அப்பா?”

“ஞாயம் ஒண்டும் இல்ல. எனக்குப் பயமாக்கிடக்கு.”

அவர் தேத்தண்ணியை எடுக்கவில்லை. அது ஆறி, மேலே ஆடை படர்ந்து, ஒரு எறும்பு விழுந்து நீந்தியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தகப்பனின் நெஞ்சு ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அவள் குழு அழைப்பில் அத்தனை பேரோடு மல்லுக்கட்டினாள். வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா கூடாதா என்று நாடெல்லாம் விவாதம். ஆருட வீட்டில் இருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனியும் ஞாயிறும் அவள் விடாமல் முயன்றாள். உறுதி வேண்டாம், பத்து வருடத்துக்கு இருக்கலாம் என்று ஒரு கடிதம் தந்தாலும் காணும் என்றாள். தங்கராசா அதைக் கேட்டுச் சிரித்தார். “கல்யாணம் முடிச்ச பொடியன் இரிக்கிற வீட்டில முடிக்காத குமர் ஒண்டு முன்னறையப் பூட்டிப்போட்டு இரிக்கிறதா? நாலுபேர் என்ன கதைப்பாங்க?” அயலில் ஒரு அறை வாடகைக்குப் பார்க்கிறேன் என்றாள். புஸ்பம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “தாய் வீடு இரிக்கத்தக்கனக் குமர் வாடகைக்குப் போனா, நான் உன்னத் துரத்தினன் எண்டுதான் சொல்லுவாங்க. கஜானிட கல்யாணம் அதோட சரி.” கேட்ட இரண்டு வீட்டிலும் தனிப்பெண்ணுக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

ஞாயிறு பின்னேரம் புஸ்பம் மகளின் கையைப் பிடித்தாள். தாயின் விரல்களில் இறால் வாடை எத்தனை தேசிக்காய் தேய்த்துக் கழுவினாலும் போகாது.

“புள்ள, உன்ட கையெழுத்து இல்லாட்டி அவங்க எழும்பிப் போயிருவாங்க. கஜானிக்கு இனி ஒரு ஆள் வராது. உனக்குப் படிப்பு இரிக்கு. அவளுக்கு என்ன இரிக்கு, இந்தச் சுவர விட்டா?”

“எனக்கும் முப்பதாகுது. எனக்கு ஒரு ஆளப் பாத்தீங்களா?”

“பாத்தம்தானே. நீதானே படிக்கணும், படிக்கணும் எண்டு எல்லாரையும் தள்ளினாய். நாலு பேர் வந்து கேட்டாங்க. நீ ஓம் எண்டிருந்தா இது உன்ட வீடு.”

அதில் பொய் இல்லை. கேதீஸ்வரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாய் அழுது முடியும் வரை பிடித்துக்கொள்ள விட்டாள். பிறகு எழும்பிப் போய் யன்னலடியில் நின்று நிஸ்றாவுக்கு “வாறன் மெடம்” என்று இரண்டு சொல்லில் ஒரு செய்தி அனுப்பினாள்.

திங்கட்கிழமை நொத்தாரிசு பத்து மணிக்கு வந்தார். மேசையை விறாந்தைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். கேதீஸ்வரியின் மேசைதான். தங்கராசா வெற்றிலை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். புஸ்பம் கையெழுத்துப் போட்டாள். எழுதத் தெரியாத கதிர்காமத்தம்பி சம்மதத்துக்குப் பெருவிரலை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். எனக்கு இந்த ஆதனத்தில் யாதொரு உரித்தும் இல்லை என்ற தாளைக் கேதீஸ்வரியின் பக்கம் தள்ளினார்கள்.

அவள் முழுவதையும் வாசித்தாள். இரண்டாம் பந்தியில் எல்லை பிழையாக இருந்தது, மேற்கென்று போட வேண்டிய இடத்தில் கிழக்கு. காட்டினாள். நொத்தாரிசு வெட்கப்பட்டுத் திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

தங்கராசா முகம் மலர்ந்தார். “படிச்ச புள்ள எண்டா படிச்ச புள்ளதான்.”

“மாமா, வீட்ட எடுத்தவங்கதானே தாய் தகப்பனப் பாக்கிற? அதுதானே இஞ்ச வழக்கம்?”

“ஓம், அதுக்கென்ன.”

அவள் உள்ளே போய் ஒரு நீலக் கோப்பும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் கொண்டுவந்து கஜானியின் மடியில் வைத்தாள். “கிளினிக் புதன்கிழமை. ஆறு மணிப் பாதையில போனாத்தான் முன்னுக்கு நம்பர் கிடைக்கும். காலைக்குச் சிவப்பு, ராவைக்கு ரெண்டு வெள்ள. டொக்டர் சிங்களம், மெதுவாக் கதைக்கச் சொல்லு. படியில ஏத்தாத, சுத்திப் போ.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதக்கா.” கஜானி வெளிறிப்போனாள். “நீங்க எங்க போறீங்க? நீங்க இல்லாம நான் என்ன செய்யிற?”

“நானும் தெரியாமத்தான் துவங்கினன். வீடு உன்னுட. இதுவும் உன்னுட. காசு நான் அனுப்புவன்.”

“கேதி!” புஸ்பம் எழும்பினாள். “கையெழுத்து வெச்சிற்றாய், இனி என்ன கோவம்? கல்யாணத்தில நில்லு. ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுற?”

“வேலைக்குப் போயிற்றா எண்டு சொல்லுங்கம்மா. இருபது மாசமா நீங்க ஒருத்தருக்கும் சொல்லாத சொல்.”

தோளில் மடிக்கணினிப் பை, கையில் உடுப்புப் பை. மழை தூறிக்கொண்டிருந்தது. கதிர்காமத்தம்பி வேலியோரம் மரக்குற்றியில் இருந்தார். பெருவிரலில் மை காயவில்லை. அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவள் அவர் முன்னால் நின்றாள். அவருடைய மூச்சை எண்ணுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. எண்ணத் தொடங்கி, ஏழில் நிறுத்தினாள்.

“புதன்கிழமை கிளினிக் அப்பா. கஜானி கூட்டிப் போவா.”

“போகமாட்டன்.”

“அது உங்கட விருப்பம்” என்றாள். குரல் உடைந்தது. உடைந்த குரலைத் திருத்த அவள் நிற்கவில்லை. படலையைத் திறந்து வெளியே போனாள்.